முத்தத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது

பிப்ரவரி 9

சிக்னல்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பிரிக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டியதாகிவிட்டது. நாக்கால் தடவி ஒட்டுகிற கவரை நாக்கு படாமல் மூடி, அதன் மேல் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். தபால்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னம்மா, பாம்பா?" என்றார். "இல்லீங்க, என் வீட்டுக்காரரோட பயம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவு கட்டுக் கட்டியதற்குள்ளே இருந்தது நாலைந்து வரி. ரத்தப் பரிசோதனை செய்துகொள், முடிவை அனுப்பு, அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் நம் வீட்டில் ஏதோ கொலை நடந்த மாதிரி இருக்கிறது. அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. லீவில் இன்னும் ஒரு வாரம் மிச்சம். நீங்கள் பல் தேய்த்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினீர்கள். பார்க்க அழகாக இருந்தீர்கள். நான் குறுக்கே வந்து வாயில் முத்தம் கொடுத்தேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அதுவும் நானாகக் கொடுத்தது. நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு வாஷ்பேசினில் துப்பினீர்கள். பல் ஈறிலிருந்து கசிந்த ரத்தம் நுரையில் லேசாகத் தெரிந்தது. உடனே வெந்நீரில் உப்பைப் போட்டு என்னை வாய் கொப்பளிக்க வைத்தீர்கள். என் நாக்கு வெந்து போகும்வரை விடவில்லை. மத்தியானத்துக்குள் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு, அணை வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அத்தையிடம் "அவசர வேலை" என்றீர்கள். இவ்வளவுதான் நடந்தது.

உங்களுக்கு எச்ஐவி இருப்பது எனக்கு நேற்றுத் தெரிந்ததா? கல்யாணத்துக்கு முன்பே டிப்போ எதிரில் டீக்கடையில் உட்காரவைத்து நீங்களே சொன்னீர்கள். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. டாக்டரம்மாவிடம் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் சரி என்றேன். நீங்கள் ஒரு நாள் மாத்திரையை விட்டதில்லை. உங்கள் ரத்தத்தில் கிருமி பரிசோதனையிலேயே சிக்காத அளவுக்குக் குறைந்து வருஷங்கள் ஆகின்றன. இப்படி இருக்கிறவரிடமிருந்து கட்டிலில்கூடத் தொற்றாது என்று நம் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அந்த அம்மா சொன்னார். அப்போது பெரிதாகத் தலையாட்டினீர்களே, அது யார் தலை?

பரிசோதனை செய்ய மாட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா சொல்வதை எப்போதும் போல அதன் மாதத்தில் செய்துகொள்வேன், அதில் எனக்கு வீம்பு இல்லை. ஆனால் அந்த முத்தத்துக்காக ஊசி குத்திக்கொள்ள மாட்டேன். குத்திக்கொண்டால் நான் செய்தது குற்றம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கவரை நாக்கால் நன்றாக நக்கித்தான் ஒட்டுகிறேன். பயமாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு பிரியுங்கள்.

கண்டக்டரம்மா


பிப்ரவரி 17

கண்டக்டரம்மா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்காதது தப்புதான். எப்படி இருக்கிறாய்? காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு ஏதாவது உண்டா? இருந்தால் மறைக்காதே.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த மலையில் செல்போன் வேலை செய்யாது. ஆபீஸ் போன் கணக்கர் மேஜையில் இருக்கிறது. அவர் எல்லாருடைய பேச்சுக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாமான் லாரி வந்து போகும்போது கடிதம் வந்து போகிறது. எனக்கு இதுதான் தோது.

நீ எழுதியதெல்லாம் எனக்கும் தெரியும். டாக்டரம்மா சொன்னதும் மறக்கவில்லை. ஆனால் நுரையில் அந்தச் சிவப்பைப் பார்த்தவன் நான். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நோய் இருப்பது தெரிந்த அன்றே எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு என்று பிரித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். என்னால் இன்னொருவருக்கு இது வரக்கூடாது என்று ஒரு வைராக்கியம். எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நடந்தேன். இங்கேகூட, கிரேன் சிக்னல்காரர்களின் விசில்களை ஒரு டப்பாவில் போட்டுவைத்திருப்பார்கள். ஷிப்டு மாறும்போது கைக்கு வந்ததை எடுத்து ஊதுவார்கள். நான் சொந்தமாக ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். வேலை முடிந்ததும் வெந்நீரில் போட்டு எடுப்பேன். எனக்கு இங்கே 'சுத்தக்காரர்' என்று பேர். காரணம் யாருக்கும் தெரியாது. இவ்வளவு கட்டிக் காத்ததை நீ ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டாய்.

அணை வேலை இன்னும் இரண்டு வருஷம் நீள்கிறதாம். தொடர்ந்து இருக்க நினைக்கிறவர்கள் ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். உன் பரிசோதனை முடிவு வராவிட்டால் நான் போட்டுவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. முடிவு தெரியாமல் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.


பிப்ரவரி 26

சிக்னல்காரருக்கு,

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே என்று எழுதிவிட்டு மிரட்டியிருக்கிறீர்கள். இரண்டு வருஷம் மலையிலேயே உட்கார்ந்துகொள்ளப் போகிறீர்களாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஆளை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். சந்தோஷப்படாதீர்கள், ஊசிக்காகப் போகவில்லை. கேட்கப் போனேன். நுரையில் சிவப்பு தெரிந்ததையும் சொன்னேன், எதையும் விடவில்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எச்சில்ல இது பரவாதும்மா. கட்டிப் பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம். முத்தத்துல வந்ததா உலகத்துல எங்கயோ ஒண்ணு ரெண்டு சொல்லியிருக்காங்க. அதுவும் மாத்திரையே சாப்பிடாதவங்க, ரெண்டு பேர் வாயிலயும் புண்ணு, ரெண்டு பக்கமும் ரத்தம், அப்படி இருந்து. உன் வீட்டுக்காரருக்கு ரத்தத்துலயே தொத்துற அளவுக்குக் கிருமி இல்ல. ரத்தத்துலயே இல்லாதது ஈறுல மட்டும் எங்கேருந்து குதிக்கும்?"

மூன்று நாளைக்குள் சாப்பிட்டால் நோயைத் தடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறதே, அதை நீங்கள் பையைக் கட்டும்போது சொன்னீர்களே என்றும் கேட்டேன். "அது இருக்கு. வேண்டியவங்களுக்குக் கொடுக்கிறோம். இந்த முத்தத்துக்கு நான் அதைக் கொடுத்தா, என் மூளையைத்தான் யாராவது பரிசோதிக்கணும்" என்றார். பரிசோதனை உன் விருப்பம், எனக்கு அவசியம் தெரியவில்லை என்றும் சொன்னார். என் விருப்பத்தை உங்களுக்கு முன்பே எழுதிவிட்டேன்.

இன்னொன்று. நான் என்ன வேலை செய்கிறேன்? நாள் முழுக்கக் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழிக்கிறேன். இந்த ஊரில் பாதிப்பேர் என் எச்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரு கிழவர் டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சில்லறை தேடுவார். உங்கள் கணக்குப்படி என் பஸ்ஸில் ஏறியவர்களை எல்லாம் பிடித்து வரிசையாக நிறுத்தி ஊசி போட வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "உன் வாய்க்குப் பயந்துதான் என் பிள்ளை மலைக்கு ஓடிட்டான்" என்கிறார். பாதி சரிதான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வைராக்கியம் என்று எழுதியிருக்கிறாய். உன்னிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறாயாம். நான் கேட்டேனா? மூன்று வருஷமாக உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு உன் கன்னத்தோடு நின்றுகொள்கிறேனே, எனக்கு ஆசை இல்லை என்று நினைத்தாயா? கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.


மார்ச் 8

கண்டக்டரம்மா,

டாக்டரம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. புத்திக்குப் புரிகிறது, நெஞ்சு கேட்க மாட்டேன் என்கிறது.

நீ என்னைத் திட்டு, நீ என்றே எழுது. ஆனால் எனக்காக ஒருமுறை பரிசோதனை செய்துகொள். உனக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை. காகிதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதியாக வந்துவிடுவேன். பிறகு இதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

உன் ஆசையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு இல்லையா?


மார்ச் 15

சிக்னல்காரருக்கு,

உங்களுக்காக எது கேட்டாலும் செய்வேன். இதைத் தவிர.

இந்த முத்தத்துக்குக் காகிதம் காட்டினால் அடுத்த முத்தத்துக்கும் காட்டச் சொல்வீர்கள். பிறகு பேசவே மாட்டேன் என்கிறீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? ஈறு கசிந்தால் ஒன்று, உதடு வெடித்தால் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறேன். வீட்டிலும் முத்தத்துக்கு டிக்கெட் கொடுக்க என்னால் ஆகாது.

நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் சரி. இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் இதே வாய்தான் இருக்கும்.


மார்ச் 23

கண்டக்டரம்மா,

இங்கே ஒரு விபத்து. எனக்கு ஒன்றும் இல்லை. என்னால் இன்னொருவனுக்கு அடிபட்டுவிட்டது.

என்னோடு ஷிப்டு மாறுகிற சிக்னல்காரன் ஒருவன் இருக்கிறான். மூக்கு கொஞ்சம் பெரிது, அதனால் மூக்கன் என்று கூப்பிடுவோம். நல்லவன், வாயாடி, உனக்குப் பிடிக்கும். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் இருப்பார். அணைச் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் விசிலை நம்பித்தான் பாரத்தை இறக்குவார். நீளமாக ஊதினால் நிறுத்து என்று அர்த்தம்.

வெயிலில் கழுத்தெல்லாம் எரிந்தது. சாப்பிடப் போகும்போது விசிலைக் கழற்றித் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்துவிட்டேன். ஒருநாளும் அப்படி வைக்கிறவன் இல்லை. மூக்கனிடம் இருந்த விசில் கை தவறி ஈரக் கான்கிரீட்டுக்குள் விழுந்துவிட்டதாம். டிரம்மின் மேல் இருந்ததை அவன் எடுத்துக்கொண்டான். நான் கை கழுவிவிட்டுத் திரும்பினால் என் விசிலை அவன் வாயில் வைக்கிறான்.

எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கத்திக்கொண்டு ஓடினேன். அவன் உதட்டிலிருந்து விசிலைப் பிடுங்கினேன். "டேய்" என்றான். அதற்குள் கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டு வந்து அவன் தோளில் மோதியது. காற்றில் திரும்பி அவன் பக்கம் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி ஊதத்தான் அவன் விசிலை வாயில் வைத்திருக்கிறான். தோள் எலும்பு உடைந்துவிட்டது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் தலை.

ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பிழைத்துவிட்டான், கை சரியாகிவிடும் என்கிறார்கள். ஏன் பிடுங்கினாய் என்று எல்லாரும் கேட்டார்கள். கால் தடுக்கி அவன் மேல் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் திரும்பி வந்ததும் இன்ஜினியர் விசாரிப்பாராம். டப்பா விசிலை எடுக்காமல் அடுத்தவன் விசிலை எடுத்தது மூக்கன் தப்பு, அவனை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று மேஸ்திரி பேசிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? உனக்கு எழுதுகிறேன்.


ஏப்ரல் 2

சிக்னல்காரருக்கு,

விசிலைப் பிடுங்கினீர்களா?

நானும் விசில் ஊதிப் பிழைக்கிறவள். படிக்கட்டில் ஒரு கால் வைத்துக்கொண்டு ஒருத்தி ஏறும்போது என் வாயிலிருந்து யாராவது விசிலைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்துவிட்டு டூட்டிக்குப் போனேன். இரண்டு ஸ்டாப்பில் விசில் கொடுக்க மறந்து டிரைவரிடம் திட்டு வாங்கினேன்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கிருமி இத்தனை வருஷத்தில் ஒருவரையும் தொடவில்லை. உங்கள் பயம் ஒரு மனிதனின் எலும்பை உடைத்துவிட்டது. இரண்டில் எது ஆபத்தானது என்று இனிமேல் டாக்டரம்மாவைக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் நோயை வெளியே சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அதில் மனைவிக்குக்கூட உரிமை கிடையாது. நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அடுத்தவன் தலையில் பழியைப் போட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் அந்த டீக்கடையில் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பேசட்டும். நீங்கள் தலையைக் குனியாதீர்கள். குனிந்தால் நான் அங்கே ஏறி வந்து நிமிர்த்துவேன்.

சாப்பிடுங்கள். என் மேல் ஆணை.


ஏப்ரல் 14

கண்டக்டரம்மா,

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக் கொட்டகையில்தான் விசாரணை. இன்ஜினியர், மேஸ்திரி, எங்கள் கம்பெனி நர்ஸ், இரண்டு ஷிப்டு ஆட்களும் இருந்தார்கள். மூக்கன் தூளிக் கட்டுப் போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்தவர் விசிலை ஏன் எடுத்தாய் என்று அவனைப் பிடித்துக் குடைய ஆரம்பித்தார்கள். நான் எழுந்தேன்.

"சார், நான் தடுக்கி விழல. பிடுங்கினேன். எனக்கு எச்ஐவி இருக்கு. என் எச்சில் அவன் வாயில படக்கூடாதுன்னு பிடுங்கினேன். தப்பு என்னோடது. அவன்மேல ஒண்ணும் இல்ல."

இன்ஜினியர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். காலையில் என்னோடு கைகுலுக்கிய மேஸ்திரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் குனியவில்லை. நீ ஏறி வந்துவிடுவாய் என்ற பயமும் இருந்தது.

நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "எச்சில்ல வராது சார். கைகுலுக்கினா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. முத்தம் கொடுத்தாலே வராது, விசில் எம்மாத்திரம்?"

மூக்கன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அடப்பாவி! எச்சில்ல வராததுக்கா என் எலும்ப ஒடச்சே?" என்றான்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. "பதினஞ்சு நாளா வலியில தூக்கம் இல்லடா. காரணமாவது உருப்படியா இருக்கும்னு நெனச்சேன்" என்று அவன் அதன் பிறகும் விடவில்லை.

எல்லாரும் சிரித்ததோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. என் அறையில் இருந்த இருவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்கள். சமையல்காரர் எனக்கு மட்டும் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுகிறார், பாதி தரைக்குப் போகிறது. இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, சிக்னல் வேலை வேண்டாம், குடோனில் உட்கார் என்றார். எனக்கே ஆச்சரியம், உன்னை மாதிரியே பேசினேன்: "விசில பிடுங்கினதுக்குத் தண்டனை கொடுங்க சார், வாங்கிக்கிறேன். நோய்க்குத் தண்டனை கொடுக்காதீங்க. கொடுக்கிறதா இருந்தா என்ன காரணம்னு எழுத்துல கொடுங்க." பிடுங்கியதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். குடோன் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. அதே இடத்தில் நின்று அதே வேலையைத்தான் செய்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு கடைசி லாரியில் இறங்குகிறேன். ஓடி வரவில்லை, என் நாளை முடித்துவிட்டு வருகிறேன்.

பரிசோதனை வேண்டாம். இனிமேல் கேட்க மாட்டேன். இந்த இடைவெளியில் என் தொல்லை தாங்காமல் செய்திருந்தாலும் என்னிடம் சொல்லாதே, எனக்கு அந்தக் காகிதம் வேண்டாம். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். பயம் போய்விடவில்லை. நர்ஸ் சொன்னார், மூக்கன் சிரித்தான், எல்லாம் சரி. உன் முகத்தை நினைத்தால் கூடவே அந்த நுரையின் சிவப்பும் இன்னும் வருகிறது. அதோடுதான் வருகிறேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. லாரி டிரைவருக்கும் தெரிந்துவிட்டது. நான் வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிடும்.


ஏப்ரல் 22

சிக்னல்காரருக்கு,

செய்தி வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே லாரி டிரைவர், அவர் மனைவி, அடுத்த தெரு, எதிர்வீடு என்று சுற்றிக்கொண்டு அத்தையிடம் வந்தது. நான் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"ஊர்ல சொல்றது நெசமா?"

"நெசம்தான் அத்தை."

"எப்போலேருந்து?"

"நான் கட்டிக்கிறதுக்கு முன்னாலேருந்து."

"அப்போ நீ தெரிஞ்சேதான் வந்தியா?"

"ஆமா."

அத்தை உள்ளே போய்விட்டார். இரண்டு வேளை சாப்பிடவில்லை. நோய்க்காகக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். தட்டைப் பிரிப்பார், டம்ளரைப் பிரிப்பார், அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன் கச்சேரி என்று வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவன் என் மடியில தலை வெச்சுப் படுத்து எவ்வளவோ நாளாச்சு. நெத்தியில ஒரு முத்தம் வெக்கப் போனாக்கூட நகர்ந்துடுவான். நீ வந்துட்டே, அம்மா வேண்டாதவளாயிட்டான்னு நெனச்சேன். உன்மேல எவ்வளவு ஆத்திரப்பட்டிருக்கேன் தெரியுமா? இதுக்குத்தானா நகர்ந்தான்?"

"இதுக்குத்தான் அத்தை. அதுக்கும் தேவையே இல்ல. மடியில படுத்தா வராது, முத்தம் கொடுத்தா வராது."

"எனக்கு வந்தாத்தான் என்ன? இந்த வயசுல அது வந்து என்ன பண்ணப் போவுது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்தப் படுபாவி!"

என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். நீங்கள் என்னை மட்டும் ஒதுக்கிவைத்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாயையும் சேர்த்து ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் வைராக்கியம் என்று எழுதினீர்களே, அதற்கு இந்த வீட்டில் இரண்டு பெண்கள் கொடுத்த விலை இது. வந்ததும் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மடியைக் காட்டுவார், படுத்துக்கொள்ளுங்கள். நகரக் கூடாது.

தெருவில் பேச்சு இருக்கிறது. நேற்று பஸ்ஸில் ஒருத்தி என் கையிலிருந்து டிக்கெட் வாங்காமல் சேலை நுனியால் பிடித்தாள். "நுனியால பிடிச்சாலும் அதே காசுதாம்மா" என்றேன். பின்சீட்டு முழுக்கச் சிரித்தது. டிப்போ மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நாக்கைத் தொட்டு டிக்கெட் கிழிக்க வேண்டாம், பேச்சு வருகிறது, ஈரப் பஞ்சு தருகிறோம் என்றார். "எல்லா கண்டக்டருக்கும் கொடுங்க சார், நானும் வாங்கிக்கிறேன். எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இன்னும் யாருக்கும் பஞ்சு வரவில்லை. நானும் எப்போதும் போலத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. காகிதம் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது என்னை அறியாமல் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. உங்களை அவ்வளவு பிடிக்கிறது.

பயம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகாவிட்டால் போகட்டும், அதையும் கூடவே ஏற்றிக்கொண்டு வாருங்கள், இடம் போதும். பயம் உங்களுடையது, நான் பிடுங்க மாட்டேன். வாய் என்னுடையது, அதற்கு நீங்கள் காவல் இருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நான் குறுக்கே வர மாட்டேன். கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நிற்பேன். நீங்கள்தான் வரவேண்டும். அத்தை பார்த்தால் பார்க்கட்டும்.